கூடாரத்துக்குள் பெருஞ்செடி: ஒரு மறுப்பு

பூக்கும் பருவத்துக் கஞ்சாச் செடியை வீட்டின் நிலவறையில், உட்புறம் வெள்ளித்தாள் போர்த்த ஒரு துணிக் கூடாரத்துக்குள் நிறுத்தி, கூரையை முட்டும் வரை வளரவிட்டு, அதன் உச்சிக்கு மேல் சக்தி மிகுந்த விளக்கொன்றைத் தொங்கவிடுவதே அச்செடியை வளர்ப்பதற்கு உத்தமமான முறை என்னும் அபிப்பிராயம் கனடாவில் இன்று ஆழமாக வேரூன்றிவிட்டது. இது தவறான அபிப்பிராயம். செடியின் சுபாவத்துக்கும், பௌதிக விதிகளுக்கும், வீட்டின் நலனுக்கும், அயலாருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமைக்கும் ஒருங்கே முரணான இம்முறை, அறிவின் பயனாகப் பிறந்தது அன்று. அச்சத்தின் பயனாகப் பிறந்து, அச்சம் நீங்கிய பின்னரும் பழக்கத்தின் பலத்தால் நிலைத்து நிற்பது. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே இங்கு சொல்வன அந்நாட்டு வாசகருக்கு உரிய யோசனைகள் ஆகா. நான் பேசுவது கனடாவைப் பற்றி. சிறப்பாக நான் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தைப் பற்றி. 2018 அக்டோபர் 17ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டம் இங்கே ஒரு குடியிருப்புக்கு நான்கு செடிகளை அனுமதிக்கிறது. கஞ்சாவை உட்கொள்வது நன்றா தீதா என்னும் விவகாரத்துள்ளும் நான் புகவில்லை. சட்டம் இடம் கொடுத்த செடியை எங்கே, எவ்வளவு பெரிதாக வளர்ப்பது என்பதே வினா.

எதிர்த்தரப்பினரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது நியாயம். அவர்கள் சொல்வது இது: வெளியுலகம் நிச்சயமற்றது, மழை, பனி, பூச்சி, கள்வர் என்று நான்கு திசையிலும் ஆபத்து, கூடாரத்துக்குள் ஒளியும் வெப்பமும் ஈரமும் வளர்ப்பவனின் கைவிரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். சட்டம் செடியின் தலையை எண்ணுகிறதே அன்றி உயரத்தை அளக்கவில்லை. ஆதலால் நான்கையும் இயன்ற மட்டும் பெரிதாக்குவதே விவேகம். ஒன்ராறியோவின் கோடை குறுகியது. பூ முதிரும் அக்டோபரில் குளிரும் மழையும் சேர்ந்து அதை அழுகச் செய்யும். விளக்கொளியில் விளைந்த பூவே வீரியமும் வாசனையும் மிக்கது. மின்கட்டணத்தைச் செலுத்துகிறவன் வளர்ப்பவன். இதில் அயலாருக்கு என்ன வழக்கு? இந்த வாதத்தில் அற்பமானது ஒன்றும் இல்லை. சிந்தித்து நடக்கிற பலர் இதை நம்புகிறார்கள். என் நண்பர் ஒருவரும் நம்பினார்.

சென்ற ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை, ஸ்காபரோவில் உள்ள அவர் வீட்டு நிலவறைக்கு என்னை அழைத்துச் சென்று, ஆளுயரக் கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் திறந்தார். முகத்தில் அடித்தது அடுப்பங்கரை வெக்கை. நான்கு செடிகள் தொட்டிகளில் நெருக்கி நின்றன. பூப்பருவத்தின் ஆறாவது வாரம். உச்சிப் பூங்கொத்துக்கள் விளக்கின் தகட்டை நெருங்கும் அளவுக்கு ஏறி, பச்சை நிறம் வெளிறி, சுண்ணாம்பு பூசியவைபோல் வெண்மையாகியிருந்தன. இடுப்புக்குக் கீழே இலைகள் மஞ்சளித்து உதிர்ந்து, மெலிந்த காம்புகளில் கடுகளவுப் பூக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓயாமல் முனகியது. அதன் வாளியைக் காலையும் மாலையும் தாம் கொட்டுவதாகச் சொன்னார். “வெளியில வைச்சா மழைக்கும் பனிக்கும் கள்ளருக்கும் அயலவைக்கும் பதில் சொல்லோணும் அண்ணை. உள்ளுக்க வைச்சா எல்லாம் எங்கட கையில” என்றார். சொல்லிக்கொண்டே பருமனான ஒரு கொத்தை இரு விரல்களால் விலக்கிக் காட்டினார். அதன் நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோன்ற பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவர் முகம் வாடியது. “ஜன்னலையே நான் திறக்கேல்லை. எப்பிடி அண்ணை வந்தது?”

அந்த வினாவுக்கு விடை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னர், கூடாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

கூடாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் தாவர சாஸ்திரிகளா? அல்லர். அமெரிக்காவில் கஞ்சா விலக்கப்பட்டிருந்த காலத்தில் அதனைப் பயிரிட்டவர்கள் மலைச்சரிவுகளிலும் காட்டு வெளிகளிலும் வெயிலில்தான் பயிரிட்டார்கள். 1983இல் கலிபோர்னியா மாநிலம் செடி அழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, ஹெலிகொப்டர்களை மலைகளுக்கு மேல் பறக்கவிட்ட பின்னரே, வானத்துக்கு அஞ்சியவர்கள் பெருந்தொகையாகக் கூரைக்குள் புகுந்தார்கள். தெருவிளக்காகப் பயன்பட்ட சோடிய விளக்கு சூரியனுக்குப் பதிலாள் ஆயிற்று. 1989இல் அத்தகைய விளக்குகளும் கருவிகளும் விற்ற கடைகளையே மத்திய அரசு குறிவைத்தது. வீட்டுச் சுவரைத் தாண்டிக் கசியும் விளக்கு வெப்பத்தை வெப்பமானியால் வெளியிலிருந்து படம் பிடித்துப் போலீசார் வளர்ப்பவரைக் கண்டறிந்தனர். அவ்வாறு படம் பிடிப்பது சோதனையா இல்லையா என்னும் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2001இலும், கனடிய உச்ச நீதிமன்றத்தில் 2004இலும் தீர்க்கப்பட்டது. இரண்டு வழக்குகளுக்கும் மூலசாட்சியாக நின்றது சுவர் வழியே வீணாகிப்போன வெப்பமே. ஆகவே கூடாரம் ஒரு மறைவிடம். மறைவிடத்துக்கு உரிய கஷ்டங்களை வேறு வழியின்றிச் சகித்தவர்கள், காலப்போக்கில் அக்கஷ்டங்களைச் சமாளிக்கும் சாமர்த்தியத்தையே கலையின் இலக்கணமாகப் போற்றலாயினர். ஒளிந்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் 2018இல் ஒன்ராறியோவில் தீர்ந்தது. நிர்ப்பந்தத்தின் இலக்கணம் மட்டும் தீரவில்லை. இனி அந்த இலக்கணத்தை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்போம்.

1. “கூடாரத்துக்குள் எல்லாம் நம் கையில்” என்பது உண்மையா? கையில் இருப்பது விளக்கின் விசை ஒன்றே. கஞ்சா குறும்பகல் தாவரம். இரவு நீண்டால் பூக்கும். கஞ்சாவிலும் அதற்கு உறவான ஹொப்ஸ் கொடியிலும் இந்த இயல்பை முதன்முதலில் கவனித்தவர் பிரெஞ்சு அறிஞர் தூர்நுவா. 1912ஆம் ஆண்டளவில் அதனை வெளியிட்ட அவரை முதல் உலகப்போர் பலிகொண்டது. 1920இல் அமெரிக்க விவசாயத் துறையின் கார்னரும் அல்லார்டும் புகையிலையை வைத்து அதனைப் பொது விதியாக நிலைநாட்டினார்கள். ஒளியைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைப்பவன் இந்த விதியைத் தூண்டுகிறானே அன்றி ஆளவில்லை. தூண்டிய உடனே செடி தன் சுபாவப்படி நீள்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் உயரம் இருமடங்காவது சாதாரணம். இனி கணக்கைப் பாருங்கள். கூடாரத்தின் உயரம் 200 சென்டிமீற்றர், தொட்டிக்கு 30, விளக்குக்கும் அதைத் தொங்கவிடும் கயிற்றுக்கும் 20, விளக்குக்கும் உச்சிக்கும் இடைவெளி 45, எஞ்சுவது 105. அறுபது சென்டிமீற்றர் செடி இருமடங்கானால் 120. அந்தப் பதினைந்து சென்டிமீற்றரில்தான் நண்பரின் பூக்கள் வெளுத்தன. இதில் வியக்கத்தக்க ஒரு பொருத்தம் உண்டு. கஞ்சாச் சட்டத்துக்காகக் கனடிய அரசு ஆன் மக்லெலன் தலைமையில் அமைத்த ஆலோசனைக் குழு 2016இல், வீட்டுச் செடி 100 சென்டிமீற்றரைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. மசோதாவிலும் அவ்விதி இருந்தது. 2017இல் பாராளுமன்றச் சுகாதாரக் குழு அதனை நீக்கிற்று. பாராளுமன்றம் எடுத்தெறிந்த அளவுகோலைக் கூடாரத்தின் கூரை மீண்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

2. செடி பெரிதானால் விளைச்சல் பெரிதாகுமா? வயல்வெளியில் ஆகும், கூடாரத்தில் ஆகாது. வெயிலில் நிற்கும் செடி வளர வளர, அது பற்றிக்கொள்ளும் ஒளியும் வளர்கிறது. ஏனெனில் சூரியன் கிழக்கே எழுந்து மேற்கே சாயும்வரை அதன் ஒவ்வொரு பக்கத்தையும் சாய்கதிரால் தடவிச் செல்கிறது. கூடாரத்து விளக்கோ ஓரிடத்தில் அசையாது தொங்கி, கீழ்நோக்கி மட்டுமே ஒளி வீசுகிறது. நண்பரின் கூடாரம்போல் தரைப்பரப்பு 1.2 மீற்றருக்கு 1.2 மீற்றர் என்றால், அச்சதுரத்தில் விழும் ஒளி எவ்வளவோ அவ்வளவே மூலதனம். ஒரு செடி நின்றாலும் நூறு நின்றாலும், குட்டையோ நெட்டையோ, மூலதனம் கூடுவதில்லை. உச்சியிலுள்ள இலைகள் தமக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிய பின், மூன்றாம் அடுக்கு இலைக்கு வந்து சேர்வது நிழல். நிழலிலும் இலை மூச்சு விடுகிறது, நீர் கேட்கிறது, உணவு கேட்கிறது, ஈட்டுவது சொற்பம். நெட்டைச் செடியின் கீழ்ப்பாதி, உழைக்காமல் உண்ணும் குடும்பம். நண்பரின் கூடாரத்தில் நான் கண்ட மஞ்சள் இலைகளுக்கும் கடுகளவுப் பூக்களுக்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

3. பெருஞ்செடிக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று எவரேனும் கூட்டிப் பார்த்தார்களா? பூக்கத் தொடங்குமுன் செடியைப் பெரிதாக்குவதற்கு நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் விளக்கெரிப்பது வழக்கம். ஆறு வாரம் எரித்தால் 756 மணி. பூப்பருவத்தில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி; ஒன்பது வாரத்துக்கு 756 மணி. இரண்டும் சரிக்குச் சரி. நண்பருடையதுபோன்ற 600 வாட் விளக்கு இரு பருவத்திலும் முழு வீச்சில் எரிந்தால் 907 யூனிட் மின்சாரம் செலவாகும். அதில் சரிபாதி, ஒரு பூவிதழும் தோன்றுமுன், தண்டையும் இலையையும் நீட்டுவதற்கே போகிறது. விளக்கின் வீச்சைத் தணித்தால் தொகை குறையும். விகிதத்தின் அநியாயம் மாறாது. அந்தத் தண்டையும் இலையையும் அறுவடையன்று குப்பையில் போடுகிறோம். விசிறிகளும் ஈர உறிஞ்சியும் இக்கணக்கில் சேரவில்லை. “நான்குதானே அனுமதி, ஆகவே பெரிதாக்கினேன்” என்பார்கள். அனுமதி என்பது உச்ச வரம்பு. நிரப்பித் தீரவேண்டிய பாத்திரம் அன்று. பொது இடத்தில் ஒருவர் கொண்டு செல்லத்தக்கது உலர்ந்த பூ 30 கிராம் என்று அதே சட்டம் சொல்கிறது. தன் தேவைக்கு வளர்ப்பவனுக்குத் தன் தேவையே அளவு. தேவையை மறந்து எண்ணிக்கையை நிரப்ப முனைபவன் தோட்டக்காரனின் மனத்தோடு வளர்க்கவில்லை. வியாபாரியின் மனத்தோடு வளர்க்கிறான்.

4. ஜன்னலைத் திறக்காமலே பூஞ்சணம் எப்படி வந்தது? ஜன்னலைத் திறக்காததனால்தான் வந்தது. சாம்பல் பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் எங்கும் உள்ளவை. அவற்றுக்குக் கதவு தேவையில்லை, ஈரம் தேவை. அந்த ஈரத்தைக் கொணர்வது செடியே. செடி குடிக்கும் நீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகிறது. உடலில் தங்குவது அற்பம். நண்பரின் நான்கு செடிகளும் நாளொன்றுக்கு ஆறு லிட்டர் குடித்தன. ஆறு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 4 யூனிட் சக்தி வேண்டும். விளக்கு ஒரு நாளில் செலவிடும் 7.2 யூனிட்டில் அது பாதிக்கு மேல். விலை கொடுத்து வாங்கிய மின்சாரத்தால் நீரை ஆவியாக்கி, பின்னர் வேறொரு இயந்திரத்துக்கு மீண்டும் மின்சாரம் கொடுத்து அந்த ஆவியை நீராக்கி, வாளியில் நிரப்பி, படியேறிக் கொட்டுகிறோம். விளக்கு அணைந்ததும் கூடாரம் குளிர்கிறது. குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய ஆவி குறைவு. மிகுந்த ஈரம் பருத்த பூங்கொத்தின் உள்மடிப்புக்களில், காற்று புகாத இடத்தில், தங்குகிறது. பூ பருத்திருக்கும் அளவுக்கு உள்ளே உலர்வது தாமதமாகும். ஆகவே எதனைப் பெருமையாக எண்ணி வளர்த்தாரோ, அந்தப் பருமனே அழுகலுக்குத் தொட்டில் ஆயிற்று. கூடாரத்தை மீறிய ஈரம் எங்கே போகிறது என்பதும் கேட்கத்தக்கது. நிலவறையின் ஜிப்சச் சுவருக்குப் பின்னால் போகிறது. அங்கே படரும் பூஞ்சணத்தைச் சுவாசிப்பவர்கள் மேல்மாடியில் உறங்கும் குழந்தைகள்.

5. கூடாரம் பூச்சியைத் தடுக்கிறதா? பூச்சியைத் தடுப்பதாக எண்ணி, பூச்சியை உண்ணும் பிராணிகளைத் தடுக்கிறது. சிவப்புச் சிலந்தி ஒரு துணிமடிப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தால் போதும். அதனை அலசிக் கழுவும் மழை இல்லை, தின்னும் பொறிவண்டு இல்லை, பலமாக வீசும் காற்று இல்லை, குளிர் இல்லை. என்றும் மாறாத இளஞ்சூடும் என்றும் குறையாத உணவும் உண்டு. பேராசைக்காரர் தமக்காகக் கட்டிய கூடாரத்தைச் சிலந்தி தனக்காகக் கட்டிய மாளிகையாகக் கொள்கிறது. செடிகள் பெரிதாகி இலையோடு இலை உரசி நிற்கையில் அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலமின்றிக் கடக்கிறது. பூப்பருவத்தில் மருந்து தெளிக்கவும் வழியில்லை. தெளித்தது பூவிலேயே தங்கி உண்பவனின் நெஞ்சுக்குள் போகும். கண்ணுக்குத் தெரியாத பகை வேறு உண்டு. ஹொப்ஸ் கொடியில் அறியப்பட்டிருந்த ஒரு வைரோயிடு, அதாவது வைரசினும் சிறிய நோய்க்கிருமி, கலிபோர்னியாக் கஞ்சாவிலும் பரவி இருப்பது 2019இல் தெளிவாயிற்று. வெட்டுக்கன்றுகள் வழியாகவும் கத்தரிக்கோல் வழியாகவும் பரவிப் பூவின் பிசினைக் குறைக்கும் அதனை எந்த ஜிப்பும் தடுக்காது.

6. விளக்கொளிப் பூவே சிறந்தது என்று யார் தீர்ப்பளித்தார்கள்? சந்தை தீர்ப்பளித்தது, பளபளப்பைப் பார்த்து. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரே மரபுடைய செடிகளின் பூக்களை, சில செயற்கை ஒளியில் கூரைக்குள் விளைந்தவை, சில வெயிலில் மண்ணில் விளைந்தவை என்று ஒப்பிட்டு 2023இல் வெளியிட்ட முடிவு வேறு: வெயிலில் விளைந்தவற்றில் வாசனைக்குக் காரணமான டெர்பீன்கள் மிகுந்தும், ஆக்சிஜன் பட்டுச் சிதைந்த பொருள்கள் குறைந்தும் இருந்தன. அவர்கள் ஆராய்ந்தது இரண்டே வகைகள் என்பதனால் இதனையே இறுதி வாக்காக நான் நீட்டவில்லை; ஆனால் எதிர்த்தரப்பினர் நீட்டும் வாக்குக்கு இவ்வளவு ஆதாரமும் இல்லை. ஆண்செடியைக் களைந்து விதையில்லாப் பூவை வளர்க்கும் நுட்பமாவது கூரைக்குள் பிறந்ததா? 1893-94ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு நியமித்த இந்தியச் சணல் போதைப்பொருள் கமிஷன், வங்காளத்தின் நவுகாவ் வட்டாரத்தில் அரசாங்கக் கண்காணிப்பில் நடந்த கஞ்சாச் சாகுபடியை விவரிக்கையில், ஆண்செடியை இளமையிலேயே கண்டறிந்து பிடுங்குவதற்கென்றே தேர்ச்சி பெற்றவர்கள் வயல் வயலாகச் சென்றதைக் குறித்திருக்கிறது. அவர்கள் தலைக்கு மேல் இருந்தது வானம்.

7. வடதேசத்துக் கோடை போதாது என்பது எவ்வளவு தூரம் சரி? இந்த ஆட்சேபத்தில் உண்மையின் அம்சம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பகற்பொழுதைப் பார்த்துப் பூக்கும் வகைகள் இங்கே ஆகஸ்ட் நடுவில் பூக்கத் தொடங்கி அக்டோபரில் முதிர்கின்றன; அப்பொழுது மழையும் உறைபனியும் அவற்றைச் சோதிக்கின்றன. ஆனால் பகற்பொழுதைப் பொருட்படுத்தாமல், வயது வந்ததும் தானே பூக்கும் வகையும் உலகில் உண்டு. ருஷ்யத் தாவர சாஸ்திரி யானிஷெவ்ஸ்கி 1924இல் பெயரிட்டு விவரித்த காட்டுக் கஞ்சாவின் இரத்தம் கலந்த அவ்வகைகள், விதையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாரங்களில் முதிர்கின்றன. மே இறுதியில் விதைத்தால் ஆகஸ்டில் கைக்கு வரும். அவை இயல்பிலேயே குட்டையானவை. பெருமை தேடுபவர்கள் அவற்றை இகழ்வதும் அதனால்தான். வேறு வகையையே விரும்புகிறவனுக்கு, மழை மறைக்கும் ஒரு பாலித்தீன் கூரை போதும். வானத்தையே மறைக்கும் கறுப்புத் துணி வேண்டியதில்லை. கோடை நண்பகலில் ஒரு சதுர மீற்றரில் சுமார் 1000 வாட் சக்தியைச் சூரியன் இலவசமாக இறக்குகிறது. நண்பரின் கூடாரம் அடைத்திருந்த பரப்புக்கு அது 1400 வாட்டுக்கு மேல். ஆகஸ்ட் மாதத்து வெயில் முற்றத்தில் வீணே விழுந்துகொண்டிருக்கையில், அதற்குக் கீழே இருட்டறையில் 600 வாட் விளக்கை ஏற்றி வைத்திருப்பதற்கு வடதேசத்துக் குளிர் எப்படிக் காரணமாகும்?

8. “மின்கட்டணம் என்னுடையது” என்றால் விவகாரம் முடிந்ததா? கட்டணம் உம்முடையது, மின்சாரத்தின் விளைவு எல்லோருடையதும். அமெரிக்காவில் கூரைக்குள் நடக்கும் கஞ்சாச் சாகுபடி அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கை விழுங்குவதாக ஆய்வாளர் இவான் மில்ஸ் 2012இல் கணக்கிட்டார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு, உலர்ந்த பூ ஒரு கிலோவுக்கு, இடத்துக்கு ஏற்ப, 2283 கிலோ முதல் 5184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான புகை வெளியாவதாகக் காட்டியது. அவை பெரும் பண்டகசாலைகளின் கணக்கு. வீட்டுக் கூடாரத்துக்கு அப்படியே பொருந்தா. ஒன்ராறியோவின் மின்சாரம் பெரும்பாலும் அணுவாலும் நீர்வீழ்ச்சியாலும் ஆவது. நிலக்கரி நிலையங்களை 2014இல் இம்மாகாணம் முற்றாக மூடிவிட்டது. இவ்விரண்டையும் மறைத்து வாதிடுவது நேர்மையாகாது. ஆயினும் உச்சத் தேவை எழும் வேளையில் இங்கே எரிவது இயற்கை வாயுவே. விளக்கும் விசிறியும் ஈர உறிஞ்சியும் அந்த வேளையை விலக்கி வைப்பதில்லை. எல்ஈடி விளக்கு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது, பழைய சோடிய விளக்கினும் அது சிக்கனமானதுதான். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தபோது நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியது என்று பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865இலேயே காட்டினார். எல்ஈடியால் மிச்சம் பிடித்தவர்கள் மிச்சத்தை வைத்து இரண்டாவது கூடாரம் வாங்குவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். சிக்கனமான விளக்கு ஆசையைச் சிக்கனமாக்குவதில்லை.

9. வாசனைக்கும் கள்வருக்கும் என்ன விடை? இதுவே எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம். கடைசியில் வைத்ததும் அதனால்தான். பூத்த கஞ்சாவின் நெடி கடியது. கூடாரத்தில் கரிவடிகட்டி அதனைப் பிடித்துவைக்கும். முற்றத்தில் காற்று அதனை வேலிக்கு அப்பால் கொண்டுபோகும். அயலாரின் மூக்குக்கும் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நெடி எதனால் பெருகுகிறது? பூவின் அளவால். குட்டையான ஒரு செடி சில வாரம் கமழ்வதற்கும், ஆளுயரச் செடிகள் நான்கு வேலியோரம் நின்று புரட்டாசி முழுவதும் தெருவை நிறைப்பதற்கும் உள்ள வேற்றுமை, தொந்தரவுக்கும் உபத்திரவத்துக்கும் உள்ள வேற்றுமை. கள்வரையும் அழைப்பது வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும் உயரமே. தக்காளிச் செடியின் உயரத்தில் நிற்பதைத் தெருவில் போகிறவன் காணமாட்டான். இவ்வாறு எந்த ஆட்சேபத்தை எடுத்துப் பின்தொடர்ந்தாலும், அதன் வேர் பெருஞ்செடியிடமே வந்து முடிகிறது. வெளியில் வளர்க்க அஞ்சுவதற்குக் காரணம் பெருமை. உள்ளே வளர்த்துத் தோற்பதற்கும் காரணம் அதுவே.

கூடாரமே எக்காலத்தும் கூடாது என்று சொல்ல வந்தேனா? இல்லை. முற்றமில்லாத அடுக்குமாடியில், மருத்துவர் எழுதிக் கொடுத்த தேவைக்காக வளர்க்கும் நோயாளிக்குக் கூடாரம் ஓர் அவசியம். அவசியத்துக்குக் கூடாரம் சிறியதாக, செடி குட்டையாக, விளக்கு அளவாக இருந்தால் மேலே சொன்ன தீமைகளிற் பெரும்பாலானவை கரைந்துபோகும். நான் மறுப்பது, அவசியத்தை ஆதர்சமாக்கும் சித்தாந்தத்தை. முற்றமும் வெயிலும் சட்டத்தின் அனுமதியும் உள்ள ஒருவன், ஒருகாலத்தில் ஹெலிகொப்டருக்கு அஞ்சி ஒளிந்தவனின் வேடத்தை விலைக்கு வாங்கி அணிந்துகொண்டு, அதுவே கலையின் சிகரம் என்று நம்புவதை.

நண்பரும் நானும் அன்று அழுகிய கொத்துக்களை ஒவ்வொன்றாக வெட்டி ஒரு பையில் இட்டோம். மூன்று மாத உழைப்பில் கணிசமான பங்கு அந்தப் பைக்குள் போயிற்று. பையைக் குப்பைத்தொட்டியில் போடுவதற்காகப் பின்கதவைத் திறந்தபோது மணி ஏழு. வெயில் இன்னும் வேலியின் தெற்குப் பக்கத்தில் நின்றது. அங்கே அவருடைய மனைவி மே மாத நீண்ட வார விடுமுறையில் நட்ட தக்காளிச் செடிகள், விளக்கும் வாளியும் விசிறியும் இன்றி, காய்களின் பாரத்தால் குச்சியோடு சாய்ந்திருந்தன. அவற்றின் பக்கத்தில் இரண்டு தொட்டிகளுக்கு இடம் இருந்தது. அவர் பையைக் கையில் பிடித்தபடியே அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “வாற வருஷம் ரெண்டு போதும், என்ன அண்ணை?” என்று கேட்டார். போதும் என்றேன்.